ஏரிக்கரையில் குடும்பத்தோடு கூடாரம்: நாங்கள் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

போன மாதம் வட கரோலினாவின் ஜோர்டன் ஏரியில், பாப்லர் பாயிண்ட் முகாமில், எங்களுக்குப் பக்கத்து இடத்தில் ஒரு இளம் குடும்பம் வந்து இறங்கியது. கணவன், மனைவி, ஐந்து வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி. காரிலிருந்து முதலில் இறங்கியது ஒரு பெரிய நீலத் தார்ப்பாய். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் காரிலிருந்தும் அதே மாதிரி ஒரு நீலத் தார்ப்பாய்தான் முதலில் இறங்கியது.

கேரி, மோரிஸ்வில் பக்கம் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு இந்த ஏரிதான் முதல் கேம்பிங். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஏரியைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகாம் இடங்கள் இருக்கின்றன. நிறைய இடங்களில் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் உண்டு. சின்னக் குழந்தைகளோடு தொடங்க நல்ல இடம். டார்ச் மறப்பது, கொசு மருந்து மறப்பது பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஒரு முறை மறந்தால் அடுத்த முறை தானாக நினைவு வரும். அப்படித் தானாகத் திருந்தாத தவறுகளைத்தான் சொல்கிறேன்.

கூடாரத்தைவிடப் பெரிய தார்ப்பாய்

எங்கள் முதல் பயணம் ஒரு ஜூலை மாதம். 9 அடிக்கு 9 அடி டெண்ட். கடையில் விற்றவர், "ஒரு சைஸ் பெரிய தார்ப்பாயா வாங்குங்க, அதுதான் பாதுகாப்பு" என்றார். வாங்கினோம். தரையில் விரித்து, அதன் நடுவில் டெண்டைப் போட்டோம். நாலு பக்கமும் நீலமாக நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. செருப்பை விட இடம், சேறு ஒட்டாது என்று நினைத்துக்கொண்டோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு இடியோடு மழை. இந்தப் பக்கம் கோடையில் அது சாதாரணம். பகலெல்லாம் வெயில் கொளுத்தும், சாயங்காலமோ இரவோ வானம் உடைந்து கொட்டும். அப்போது ஆறு வயதாக இருந்த என் மகள் எழுப்பினாள். "அம்மா, படுக்கை குளிருது." தரையில் கையை வைத்தேன். தண்ணீர்ப் பை மேல் கை வைத்த மாதிரி தரை தளதளவென்று அசைந்தது. மேலே ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் முழங்காலை ஊன்றி எழுந்தபோது, முழங்கால் அழுத்திய இடத்தில் துணி வழியாக ஈரம் கசிந்து வந்தது. பத்து நிமிடத்தில் நாலு ஸ்லீப்பிங் பேக்கும் ஊறிவிட்டன. விடியும்வரை நாலு பேரும் காருக்குள் உட்கார்ந்திருந்தோம்.

என்ன நடந்தது என்பதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. மழை டெண்டின் மேல்துணியில் வழிந்து ஓரத்தில் சொட்டும். அந்த ஓரத்தில் வெறும் தரை இருந்தால் கொஞ்சம் மண்ணில் இறங்கும், மீதி சரிவில் ஓடிவிடும். அந்த ஓரத்தில் தார்ப்பாய் நீட்டிக்கொண்டிருந்தால், சொட்டுவது முழுவதும் அதன் மேல் விழும். தார்ப்பாயில் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. அது உள்பக்கமாக ஓடி, டெண்டின் அடித்துணிக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் தேங்கும். அதன் மேல்தான் நீங்கள் படுத்திருக்கிறீர்கள். அடித்துணி மழையைத் தாங்கும். ஆனால் அடியில் தேங்கிய தண்ணீரை மேலிருந்து ஒரு முழங்காலோ முழங்கையோ அழுத்தினால், தையல் வழியாகவும் தேய்ந்த இடம் வழியாகவும் உள்ளே வந்துவிடும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். நாலு பக்கமும் ஒரு அடி நீட்டினால் தார்ப்பாய் 11 அடிக்கு 11 அடி, அதாவது 121 சதுர அடி. ஒரு அங்குல மழைக்கு அந்தப் பரப்பில் விழும் தண்ணீர் ஏறக்குறைய 285 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு நடுவில் புகுந்தாலே இரண்டு குடம். இரண்டு குடம் தண்ணீர் மேல் குழந்தையைப் படுக்கப் போடுவீர்களா?

சரியான முறை மிகச் சுலபம். தார்ப்பாய் டெண்டின் அடியைவிட எல்லாப் பக்கமும் இரண்டு, மூன்று அங்குலம் சின்னதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஓரத்தைக் கீழ்ப்பக்கமாக, தரையைப் பார்த்து மடியுங்கள். மேல்பக்கமாக மடித்தால் அந்த மடிப்பே தண்ணீர் பிடித்து வைக்கும். டெண்டைப் போட்டு முடித்ததும் ஒரு சுற்று நடந்து வந்து பாருங்கள். எந்த மூலையிலும் நீலம் தெரியக் கூடாது. செருப்பு வைக்க இடம் வேண்டுமானால் வாசலுக்கு எதிரே தனியாக ஒரு ரப்பர் மேட் போடுங்கள். அது தார்ப்பாயைத் தொடாமல் இருக்கட்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, இடம் பார்ப்பது. இங்கே தரை செம்மண் களி, தண்ணீரைச் சீக்கிரம் குடிக்காது. அதனால் பள்ளத்தில் டெண்ட் போட்டால் தார்ப்பாய் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. சமமாகத் தெரிகிற இடத்தில் குனிந்து பாருங்கள். பைன் ஊசி இலைகள் வளைந்த கோடாக ஒதுங்கிக் கிடந்தால் அங்கே போன மழைக்குத் தண்ணீர் ஓடியிருக்கிறது. மாவு மாதிரி வழவழப்பான மண் படிந்து, காய்ந்து வெடித்திருந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. இரண்டு இடத்திலும் வேண்டாம்.

எங்களுக்கு அந்த ஒரு ராத்திரி ஏறத்தாழ 400 டாலர் செலவு வைத்தது. ஸ்லீப்பிங் பேக்குகளின் நாற்றம் போகவே இல்லை. ஆனால் எனக்கு இன்றும் கோபம் வருவது பணத்துக்காக இல்லை. பெரிதாக வாங்கு, அதுதான் பாதுகாப்பு என்று இன்றும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் ராத்திரியே நனைந்த குழந்தை மறுபடி கேம்பிங் என்றால் அழும். என் மகளைத் திரும்பக் கூட்டி வர எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அதனால்தான் பக்கத்து இடத்துக்குப் போனேன். "தம்பி, அந்த ஓரத்தை அடியில மடிச்சு விட்டுடுங்க" என்றேன். "இல்லக்கா, கால்ல சேறு ஒட்டாம இருக்கட்டும்னு வேணும்னேதான் விட்டிருக்கேன்" என்றார். நான் தண்ணீர் போகும் வழியை விளக்கத் தொடங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "கூரையைவிடத் திண்ணையை நீளமாக் கட்டினா, திண்ணை நனையாம என்னடா செய்யும்?" தம்பி ஒரு நிமிடம் டெண்டைப் பார்த்தார். அப்புறம் மடித்தார்.

குழந்தையை மிதவைப் பொம்மையை நம்பித் தண்ணீரில் விடுவது

ஜோர்டன் ஏரி அணை கட்டி உருவாக்கிய ஏரி. 1945-ல் கேப் ஃபியர் ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளத்தைத் தடுப்பதற்காகத் திட்டமிட்டது. அதனால் பெருமழைக்குப் பின் நீர்மட்டம் ஏறும், மெதுவாக இறங்கும். போன மாதம் பையனுக்கு முட்டியளவு இருந்த இடம் இந்த மாதம் அவன் நெஞ்சளவு இருக்கலாம். தண்ணீரும் செம்மண் கலங்கல். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் என் பாதம் எனக்குத் தெரியாது. மூழ்கிய குழந்தையும் தெரியாது. உயிர்காப்பாளர் யாராவது பார்த்துக்கொள்வார் என்றும் எண்ண வேண்டாம்.

காற்றடைத்த கைப்பட்டை, வாத்துப் பொம்மை எல்லாம் விளையாட்டுச் சாமான். கழன்றுவிடும், அல்லது லேசான காற்றுக்கே குழந்தையை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கீகரித்தது என்று உள்பக்கம் அச்சிட்டிருக்கும் லைஃப் ஜாக்கெட்டைக் குழந்தையின் எடைக்குத் தக்கபடி வாங்குங்கள். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது. ஓடும் படகில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதைப் போட்டிருக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்தில் சட்டம். கரையோரத்தில் சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள். கூட்டமாக வந்திருந்தால் பார்க்கும் பொறுப்பு இன்னார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருவர். பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்தால், மற்றவர் பார்ப்பார் என்று பத்துப் பேரும் பேச்சில் மூழ்கிவிடுவார்கள். நான் அதை நேரில் பார்த்திருக்கிறேன். கடைசி நொடியில் பிடித்தோம்.

சமையலறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வருவது

மின்சாரம் இருக்கிறது என்றதும் இண்டக்‌ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர், கெட்டில் என்று எல்லாம் வந்துவிடும். சாதாரணப் பிளக் 20 ஆம்பியர், 120 வோல்ட். மொத்தம் 2400 வாட்ஸ் தாங்கும். 1800 வாட்ஸ் அடுப்பும் 1500 வாட்ஸ் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். அதைவிட மோசம், வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய நீட்டிப்பு வயர். தொட்டால் சுடும். வெளிப்புறத்துக்கான தடித்த வயர்தான் வேண்டும். நான் இப்போது குழம்பையும் குருமாவையும் வீட்டிலேயே வைத்து, டப்பாவில் உறையவிட்டு எடுத்து வருகிறேன். கூலருக்கு அதுவே ஐஸ். இரண்டாம் நாள் மதியம் உருகியிருக்கும், சூடு பண்ணினால் போதும்.

குழாயடியில் பாத்திரம் கழுவுவது

வேண்டாம். நீங்கள் விட்ட சோற்றுப் பருக்கைக்கு ராத்திரி ரக்கூன் வரும், அடுத்து வரும் குடும்பத்துக்குக் குளவி வரும்.

கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது

ஒருபோதும் கூடாது. அணைந்த மாதிரி சாம்பல் பூத்திருக்கும் கரியும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கும்போதே கொன்றுவிடும். ஜன்னல் வலை திறந்திருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். குளிருக்கு இன்னொரு கம்பளி எடுத்து வாருங்கள்.

வீட்டிலிருந்து விறகு

ஆஷ் மரங்களைக் கொல்லும் ஒரு பச்சை வண்டு 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. 2013-ல் வட கரோலினாவிலும் தெரிந்தது. அவ்வளவு தூரம் அது பெரும்பாலும் விறகுக்குள் இருந்தபடி வண்டியில்தான் வந்தது. முகாமுக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள்.

உண்ணிக்கு எண்ணெய் தடவுவது

ஊரில் நாய்க்குச் செய்வதை இங்கே மனிதருக்குச் செய்கிறார்கள். எண்ணெயும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். முனை மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். இங்கே அதிகம் இருப்பது லோன் ஸ்டார் உண்ணி. பெண் உண்ணிக்கு முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது கடித்ததால் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி எல்லாம் ஒவ்வாமை ஆகிவிடும். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் தடிப்பும் மூச்சுத்திணறலும் வரும் என்பதால் காரணமே பலருக்குப் புரிவதில்லை. தினமும் குளிக்கும்போது முட்டிக்குப் பின்னால், இடுப்புப் பட்டி ஓரம், காதுக்குப் பின்னால் பாருங்கள்.

வேலை முடித்து வெள்ளிக்கிழமை இரவு வந்து சேர்வது

முகாமின் வாயிற்கதவைப் பூட்டும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இருட்டில் பள்ளம் தெரியாது, பைன் இலைக்கோடு தெரியாது. அரை நாள் விடுப்பு எடுங்கள்.

ஈர டெண்டைச் சுருட்டி வைப்பது

பக்கத்து இடத்துத் தம்பி தார்ப்பாயை மடித்த அன்றைக்கு ராத்திரியும் மழை வந்தது, ஒரு மணி நேரம் கொட்டியது. காலையில் பக்கத்து டெண்டிலிருந்து முதலில் வெளியே வந்தது பாட்டிதான். குனிந்து உள்ளே கையை விட்டுத் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சுதான் கிடக்கு" என்றார். மேல்துணி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தம்பி அதை அப்படியே பைக்குள் திணிக்கப் போனார். எங்கள் டெண்டை அந்த முதல் தடவை அப்படித் திணித்துத்தான் தொலைத்தோம். ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. வீட்டுக்குப் போனதும் இன்றைக்கே மாடிப்படிக் கைப்பிடியில் விரித்துப் போட்டு, தையல் ஓரம்வரை காய்ந்த பிறகு மடியுங்கள் என்றேன். மறுநாள் மதியம் போனில் ஒரு படம் வந்தது. படிக்கட்டு நெடுக ஆரஞ்சுத் துணி, கீழே அதன் நிழலில் பையன் கார் பொம்மை ஓட்டிக்கொண்டிருந்தான்.