ஜிஆர்பி அலர்ட் வந்ததும் டெலஸ்கோப்ப திருப்புறவங்க செய்யுற தப்புங்க

2022 அக்டோபர் 9, நம்ம நேரம் சாயந்திரம் 6:47-க்கு ஃபெர்மி சாட்டிலைட்ல இருக்குற ஜிபிஎம் கருவி ஒரு காமா கதிர் வெடிப்ப (ஜிஆர்பி) பாத்துச்சு. ஸ்விஃப்ட் சாட்டிலைட்டுக்கு அப்போ குறுக்க பூமி நின்னுச்சு, அது வெளிய வந்து அந்த இடத்த பாக்குறப்ப மணி 7:40. அந்த இடமோ சஜிட்டா நட்சத்திரக் கூட்டத்துல, பால்வெளிப் பட்டைக்கு வெறும் 4 டிகிரி பக்கத்துல, அதனால இது நம்ம கேலக்ஸிக்குள்ளயே இருக்குற ஏதோ எக்ஸ்ரே சமாச்சாரம்னு நெனச்சு ஸ்விஃப்ட் ஜே1913.1+1946-னு பேரும் வச்சாச்சு. சில மணி நேரம் போனப்புறம்தான் ரெண்டும் ஒண்ணுன்னு புரிஞ்சுது. சுமார் 200 கோடி ஒளியாண்டு தள்ளி வெடிச்ச ஜிஆர்பி 221009ஏ, இதுவரைக்கும் பதிவானதுலயே ரொம்ப பிரகாசமானது.

இத ஏன் மொதல்ல சொல்றேன்னா, ஆஃப்டர்க்ளோ, அதாவது வெடிப்புக்கு அப்புறம் மெல்ல மங்குற வெளிச்சம், அத பாக்குறவங்க பண்ற பெரிய தப்பு இதுக்குள்ளயே இருக்கு. டெலஸ்கோப் சின்னது, கேமரா பழசு, வானம் சரியில்ல, இதெல்லாம் அப்புறம்தான். பெரிய தப்பு எப்பவும் கடிகாரத்துல.

ஆஃப்டர்க்ளோ பொதுவா நேரத்தோட பவர் லா-வுல, அதாவது நேரத்தோட ஒரு அடுக்குக்கு ஏத்தாப்ல மங்கும், அந்த அடுக்கத்தான் சரிவுனு சொல்றது. சராசரியா சரிவு 1-னு வச்சுக்கோங்க, நேரம் பத்து மடங்கு ஆனா வெளிச்சம் பத்துல ஒண்ணு ஆகும், அதாவது 2.5 மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடினா மங்கல்) போயிடும். வெடிச்ச 10 நிமிஷத்துல பாத்ததுக்கும் 100 நிமிஷத்துல பாக்குறதுக்கும் அவ்ளோ வித்தியாசம். இப்ப ஒருத்தர் அந்த அக்டோபர் ராத்திரி 8:40-க்கு ஒரு படம், 9:40-க்கு ஒரு படம் எடுக்குறார்னு வைங்க. டி-ஜீரோவா, அதாவது வெடிப்போட ஆரம்ப நேரமா, ஸ்விஃப்ட் நேரத்த எடுத்தா 1 மணி, 2 மணி. ஃபெர்மி நேரத்த எடுத்தா 1 மணி 53 நிமிஷம், 2 மணி 53 நிமிஷம். உண்மையான சரிவு 1-னா ஸ்விஃப்ட் கணக்குல அது 0.6-னு வரும், உடனே இவர் ‘வெடிப்புக்கு உள்ள இருந்து இன்னும் எனர்ஜி வந்துட்டு இருக்கு’னு ஒரு பெரிய கதையே எழுதிடலாம், படத்துல ஒரு தப்பும் இல்ல, கணக்குலயும் தப்பு இல்ல, ஆரம்பப் புள்ளி மட்டும் தப்பு. அதனால எந்த சாட்டிலைட்டோட ட்ரிக்கர் நேரத்த எடுத்தீங்கனு ஒவ்வொரு அளவு பக்கத்துலயும் எழுதி வைங்க.

இன்னொரு நேரத் தப்பு நானே பண்ணினது, சொல்லவே வெக்கமா இருக்கு. 60 செகண்ட் படம் 20 எடுத்து ஸ்டாக் பண்ணிட்டு (ஒண்ணா சேத்துட்டு), முதல் படத்தோட ஸ்டார்ட் டைம அப்படியே போட்டுட்டேன். நடு நேரம் போடணும். ஒரு நாள் கழிச்சு பாத்தா அந்த 10 நிமிஷம் ஒண்ணுமில்ல, ஆனா வெடிச்ச அரை மணிக்குள்ள பாக்குறப்ப அது கண்டிப்பா ஒரு விஷயம். அதோட லேப்டாப் கடிகாரத்த இன்டர்நெட்டோட சிங்க் பண்ணாம விட்டிருந்தேன், எத்தன செகண்ட் தள்ளி ஓடுச்சுனு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொரு பொறி, யூடி-ல (உலகப் பொது நேரம்) இருந்து நாம 5:30 மணி நேரம் முன்னாடி, அதனால விடியக்காலை 5 மணிக்கு எடுத்த படத்துக்கு யூடி-ல முந்தின நாள் தேதி. ஜிஆர்பி பேர்ல இருக்குற வருஷம் மாசம் நாளும் யூடி-தான். ஜூலியன் தேதியோ (வானியல்ல நாள தொடர்ச்சியா எண்ணுற எண்) யூடி மதியம் 12-க்கு மாறும், அத கையால கணக்கு போடாதீங்க.

அடுத்தது எங்க பாக்குறதுங்கறது. அலர்ட்னா எல்லா அலர்ட்டும் ஒண்ணு இல்ல. ஃபெர்மி ஜிபிஎம் சொல்ற இடத்துல பல டிகிரி பிழை இருக்கும், அரை டிகிரி கூட பாக்க முடியாத டெலஸ்கோப்ப அங்க திருப்பி நடுவுல ஒரே ஒரு படம் எடுக்குறது வைக்கோல் போர்ல ஊசி தேடுறதுதான். ஸ்விஃப்ட் பேட் கருவி சில ஆர்க்மினிட்டுக்குள்ள (டிகிரியில 60-ல ஒண்ணு) சொல்லும், அதுக்கப்புறம் அதோட எக்ஸ்ரே டெலஸ்கோப் எக்ஸ்ஆர்டி சில ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்ல 60-ல ஒண்ணு) வரைக்கும் சுருக்கிடும். பலர் முதல் நோட்டீஸ்ல வந்த இடத்தையே புடிச்சுட்டு ராத்திரி முழுக்க பாப்பாங்க, நடுவுல திருத்தின இடம் வந்திருக்கும், கவனிக்க மாட்டாங்க. ஜிசிஎன் (ஜிஆர்பி சேதிகள பரப்புற நாசா நெட்வொர்க்) நோட்டீஸ், சர்க்குலர் ரெண்டையும் அரை மணிக்கொரு தரமாவது பாருங்க.

இப்ப படத்துல பழைய வான சர்வேல இல்லாத ஒரு புள்ளி தெரியுது. இங்கதான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க.

2014 மே 27, நம்ம ஊர்ல 28-ந்தேதி விடியக்காலை 3 மணி சுமாருக்கு, ஆண்ட்ரோமெடா கேலக்ஸி பக்கம் ஸ்விஃப்ட் ஒரு அலர்ட் விட்டுச்சு. 25 லட்சம் ஒளியாண்டு தூரத்துல ஜிஆர்பியா, நியூட்ரான் ஸ்டார் ரெண்டு மோதிடுச்சானு ட்விட்டர் ஒரே அமளி. நாசா பக்கம் பவர் கட்டுனால ஸ்விஃப்ட் டீம் டேட்டாவ சரியா பாக்கவும் முடியல. விடிஞ்சு ஒழுங்கா பாத்தா, அது ஏற்கனவே கேட்டலாக்ல இருக்குற எக்ஸ்ரே சோர்ஸ், அவசரக் கணக்குல மட்டும் பிரகாசமா தெரிஞ்சிருக்கு. இதவிட சூப்பர் கதை ஜிஎன்-இசட்11. ரொம்ப ரொம்ப தூரத்து கேலக்ஸி அது, 2017-ல கெக் டெலஸ்கோப் எடுத்த ஸ்பெக்ட்ரத்துல ஒரு ஃப்ளாஷ் விழுந்துச்சு, ஜிஆர்பியோட வெளிச்சமா இருக்கலாம்னு 2020-ல பேப்பரே வந்துச்சு. அடுத்த வருஷம் வேற குழு கணக்கு போட்டு காட்டினாங்க, அந்த நேரத்துல அந்த இடத்த தாண்டிப் போனது ஒரு ப்ரோட்டான் ராக்கெட்டோட ப்ரீஸ்-எம் மேல்நிலை! கெக்ல வேலை பாக்குறவங்களுக்கே இப்படின்னா நாம எம்மாத்திரம்.

அதனால ஒரு படத்த வச்சு பேசவே பேசாதீங்க. டெலஸ்கோப்ப படத்துக்குப் படம் கொஞ்சம் நகத்தி எடுங்க, அப்பதான் ஹாட் பிக்ஸல் எது, காஸ்மிக் ரே எது, நிஜப் புள்ளி எதுனு தெரியும். சிறுகோள்னா அரை மணி நேரத்துல 15 ஆர்க்செகண்ட் கூட நகந்துடும், மைனர் பிளானட் சென்டர் செக்கர்ல போட்டா ஒரு நிமிஷ வேலை. ஒப்பிடுறதுக்கு டிஎஸ்எஸ் சர்வேயோட பழைய பிளேட் மட்டும் வச்சுக்காதீங்க, அதுல தெரியாத மங்கலான நட்சத்திரம் பான்-ஸ்டார்ஸ்ங்கற புது சர்வேல தெரியும். எல்லாத்தையும் தாண்டினப்புறமும் முக்கியமான கேள்வி ஒண்ணுதான், மங்குதா? மங்காத புள்ளிய ஆஃப்டர்க்ளோனு சொல்லாதீங்க. மங்குறதெல்லாம் ஆஃப்டர்க்ளோ ஆகிடாது, சின்ன சிவப்பு நட்சத்திரம் ஃப்ளேர் விட்டாலும் அப்படித்தான் மங்கும்.

மேக்னிட்யூட் போடுறதுல வர்ற தப்ப ஒரு பாராவுல முடிச்சுடறேன், ஏன்னா இது வேரியபிள் ஸ்டார் பாக்குறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச தலைவலி. ஃபில்டர் இல்லாம எடுத்துட்டு ‘17.2’னு மட்டும் எழுதினா அது யாருக்கும் உதவாது, எந்த கேட்டலாக்ல எந்த பேண்டோட (நிறப் பட்டை) ஒப்பிட்டீங்கனு சொல்லணும். யூஎஸ்என்ஓ பி1 கேட்டலாக்ல நட்சத்திர மேக்னிட்யூடுக்கே 0.3 அளவு பிழை இருக்கு, அத வச்சுட்டு 0.02 துல்லியம்னு போடுறத பாத்தா சிரிப்புதான் வருது. மேக்னிட்யூட் கணக்கு போடுற வேகா முறை, ஏபி முறை ரெண்டுக்கும் ஆர் பேண்ட்ல 0.2, ஐ பேண்ட்ல 0.4-க்கு மேல, கே பேண்ட்ல 1.8-க்கு மேல வித்தியாசம், எந்த முறைனு சொல்லாம விட்டா ரெண்டு டெலஸ்கோப் டேட்டாவ சேக்குறப்ப இல்லாத ஏத்த இறக்கம் தெரியும். நம்ம பால்வெளித் தூசு வேற. 221009ஏ திசையில வி பேண்ட்ல 4 மேக்னிட்யூடுக்கு மேல மறைச்சுது, சுமார் 40 மடங்கு. தூசுக்குத் திருத்தின எண்ணா, திருத்தாத எண்ணானு ஒரு வரி எழுதுங்க.

எக்ஸ்போஷர் பத்தி ஒண்ணு. மங்கலாதான் இருக்கும்னு நெனச்சு எடுத்த எடுப்புல 5 நிமிஷ படம் போடாதீங்க. 1999 ஜனவரி 23-ல ராட்சே-1 கருவி, வெறும் நாலு 200 எம்எம் கேமரா லென்ஸ்தான் அது, வெடிச்ச ஒரு நிமிஷத்துக்குள்ள 9-வது மேக்னிட்யூட் ஃப்ளாஷ புடிச்சுது. 2008 மார்ச் 19-ல வந்தது 5.3 வரைக்கும் போச்சு, 750 கோடி ஒளியாண்டு தள்ளி இருந்தும் இருட்டான இடத்துல நின்னிருந்தா வெறும் கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும். அப்படி ஒண்ணு வந்தப்ப படம் சாச்சுரேட் ஆச்சுன்னா (வெளிச்சம் கூடி அளக்க முடியாம போச்சுன்னா) வாழ்நாள் முழுக்க புலம்ப வேண்டியதுதான். மொதல்ல 10, 20 செகண்டா எடுங்க, ஸ்டாக் அப்புறம் பண்ணிக்கலாம்.

ஒண்ணும் தெரியலனா? பலர் படத்த டெலீட் பண்ணிட்டு தூங்கப் போயிடுவாங்க, இதுதான் எனக்கு ரொம்ப கடுப்பு. எந்த நேரம், எந்த ஃபில்டர், எத்தன செகண்ட், 3 சிக்மால (இரைச்சலவிட மூணு மடங்கு) எந்த மேக்னிட்யூட் வரைக்கும் தெரியலனு சொன்னா அதுவும் டேட்டா. 2009 ஏப்ரல் 23-ல வந்த ஜிஆர்பி ரெட்ஷிஃப்ட் (பிரபஞ்சம் விரியுறதால ஒளியோட அலைநீளம் நீளுற அளவு) 8.2, அங்கிருந்து வர்ற ஒளியில 1.1 மைக்ரான் அலைநீளத்துக்கு கீழ இருக்குறத எல்லாம் வழியில ஹைட்ரஜன் முழுங்கிடுச்சு, இன்ஃப்ராரெட்ல மட்டும்தான் தெரிஞ்சுது. சாதாரண கேமராவுல தெரியலங்கறதே அங்க ஒரு துப்பு.

கடைசியா, ஒரு ராத்திரியோட நிறுத்திடறது. 2003 மார்ச் 29 ஜிஆர்பில ஒரு வாரம் பொறுமையா ஸ்பெக்ட்ரம் எடுத்தவங்களுக்குத்தான் ஆஃப்டர்க்ளோவுக்குள்ள இருந்து 2003டிஹெச் சூப்பர்நோவா எட்டிப் பாத்துச்சு. அதோட எல்லாம் மங்கி முடிஞ்சு சில மாசம் கழிச்சு அதே இடத்த அதே ஃபில்டர்ல ஒரு தடவ எடுத்து வைக்கணும், ஏன்னா ஆஃப்டர்க்ளோ இருந்த கேலக்ஸியோட வெளிச்சமும் உங்க எண்ணுக்குள்ள கலந்திருக்கும், அத கழிச்சாதான் கடைசி நாள் அளவு எல்லாம் சரியா வரும். அப்போ யாருக்கும் அந்த ஜிஆர்பி ஞாபகமே இருக்காது, சூரியன் வேற அந்தப் பக்கம் வந்து நின்னுருக்கும். அதனால இப்பவே காலண்டர்ல ஒரு தேதி போட்டு வச்சிடுங்க.