செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுக்க வரும் தன்னார்வலர்களுக்கு ஆன்லைன் வகுப்பு எடுப்பது எப்படி?

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இடிபடுவது நிற்கவில்லை. தேக்கு நிலையும் தூணும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. இருப்பதையாவது படமெடுத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இணையப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்று கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்க்காரர்களுக்கு வகுப்பு எடுத்ததில் கைவந்த முறை இது.

முதலில், வகுப்பு முடிந்ததும் ஒருவர் என்ன செய்துகாட்ட வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். எங்களுடையது: "தெருவில் நின்று ஒரு வீட்டின் முகப்பை எடுத்து, ஊர், தெருப் பெயரோடு ஏற்ற வேண்டும்." வளவு என்னும் உள்முற்றமும் அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டும் பிறகுதான். உள்ளே எடுக்கப் பங்காளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

அப்புறம் செயலி. நான் கூகுள் மீட்தான் சொல்வேன். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும், மீட் 60 நிமிடம் தரும்.

வகுப்பு தடுமாறுவது அடுத்த இடத்தில்தான். பலரிடம் இருப்பது ஒரே போன். நீங்கள் "இதை அழுத்துங்கள்" என்றதும் காமன்ஸைத் திறப்பார்கள். உங்கள் திரை மறைந்துவிடும். திரும்பி வந்தால் நீங்கள் இரண்டு படி தள்ளிப் போயிருப்பீர்கள். கேட்கக் கூச்சப்பட்டு "புரிந்தது" என்றுவிடுவார்கள். அதனால் 15 நிமிடம் மட்டும் செய்துகாட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எண் போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். பிறகு மீட்டை மூடிவிட்டு அரை மணி நேரம் அவர்களையே செய்யவிடுங்கள். மாட்டிக்கொண்டவர் போன் செய்யட்டும், எடுத்துப் பேசுங்கள். அதே இணைப்பில் மறுபடி கூடும்போது வரும் கேள்விகள்தான் உண்மையான வகுப்பு.

உரிமம் பற்றி ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும், வணிகத்துக்கும்கூட, ஏற்றிய படத்தைப் பயன்படுத்தலாம். இதில் மனம் ஒப்பாதவரை வற்புறுத்தக் கூடாது. தானே எடுத்த படம் மட்டும் போதும்; ஆயா (பாட்டி) வீட்டு ஆல்பத்துப் படம் வேண்டாம்.

பிற்சேர்க்கை: படங்கள் மங்கலாக வருகின்றன என்று சிலர் கேட்டார்கள். வேறு போனில் தாங்கள் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி ஏற்றுவதுதான் காரணம். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சிங்கப்பூர், மலேசியா உறவினர்களும் சேர்வதாக இருந்தால் மாலை 6 மணிக்கே தொடங்குங்கள். அங்கே அப்போது இரவு 8:30.