தலையணை உறைக்கு வேட்டி வாங்குங்கள்

வெள்ளைத் தலையணை உறை, பை லைனிங் தைக்க மீட்டர் துணிக்குப் பதில் சேலம் கடைவீதியில் சாதா 4 முழ காட்டன் வேட்டி கேளுங்கள். நீளம் சுமார் 2 மீட்டர், அகலம் ஏறக்குறைய 50 அங்குலம். 17×27 அங்குலத் தலையணைக்கு 19 அங்குல அகலத்தில் 2 உறை வெட்டி, மீதியில் சுருக்குப் பை தைக்கலாம். 36 அங்குல அகல மீட்டர் துணியில் அகலத்துக்கு ஒன்றுதான் வரும், மீதி 17 அங்குலம் இன்னொரு உறைக்குப் போதாது. கரை ஓரம் பிரியாது. உறையின் பக்கத் தையலில் அது வந்தால் அங்கே ஓரம் மடித்தடிக்க வேண்டாம்.

வெட்டுமுன் அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தைத்தபின் உறை சுருங்கி இறுகும். ஓர நூலைக் கொளுத்திப் பாருங்கள்: உருகி உருண்டால் பாலியஸ்டர் கலப்பு, வியர்வையைச் சரியாக உறிஞ்சாது. கலர் ஜாக்கெட் லைனிங்குக்கு இது சரிவராது; கலர் லைனிங்கே எடுங்கள்.