‘மஸ்ட் நாட்’ என்றால் ‘வேண்டியதில்லை’ அல்ல: மோடல் வெர்ப்களில் நாம் சறுக்கும் இடங்கள்

உடம்பு சரியில்லாத சக ஊழியரிடம், “நாளைக்கு நீங்கள் வர வேண்டியதில்லை, வீட்டில் ஓய்வெடுங்கள்” என்று சொல்ல நினைக்கிறோம். அதை ‘யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ’ என்று மெசேஜ் அனுப்பினால் அவர் படிப்பது வேறு: “நாளைக்கு நீ இங்கே வரவே கூடாது.” சொல்ல வேண்டியது ‘யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ’. தப்பாகப் போன வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது, படித்தவரும் திருத்த மாட்டார். மனதுக்குள் வருத்தப்பட்டுவிட்டுப் போய்விடுவார்.

கேன், குட், மே, மைட், வில், வுட், ஷல், ஷுட், மஸ்ட். மோடல் வெர்ப்கள் எனப்படும் துணைவினைகள் இவை; இன்னொரு வினையோடு சேர்ந்து முடியும், வேண்டும், லாம் போன்ற பொருள்களைத் தருபவை. இந்த ஒன்பது சொற்களில் நாம் செய்யும் தவறுகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். கேட்டவுடனே தவறு என்று தெரிந்துவிடுபவை ஒரு வகை. சரியான ஆங்கிலமாகவே ஒலித்து, நாம் நினைக்காத பொருளைத் தருபவை இன்னொரு வகை. நம் வகுப்பறைகள் முதல் வகையோடு போராடியே களைத்துவிடுகின்றன. உண்மையில் சிக்கல் இரண்டாவதில்தான் இருக்கிறது.

முதல் வகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்டர்வியூக்களில் அடிக்கடி காதில் விழுவது ‘ஐ கேன் ஏபிள் டு டூ இட்’. கேன் என்றாலும் முடியும், ஏபிள் டு என்றாலும் முடியும். ஏதாவது ஒன்று போதும்: ‘ஐ கேன் டூ இட்’ அல்லது ‘ஐ ஆம் ஏபிள் டு டூ இட்’. எதிர்காலத்துக்கு ‘ஐ வில் கேன்’ கிடையாது, ‘ஐ வில் பி ஏபிள் டு’ என்றே வரும். அப்புறம், ‘ஷீ மஸ்ட் டு கோ’, ‘ஹீ கேன்ஸ் ஸ்விம்’, ‘ஹீ ஷுட் கோஸ்’. மோடலுக்குப் பின்னால் ‘டு’ வராது, மோடலோடும் அதற்கு அடுத்த வினையோடும் ‘எஸ்’ ஒட்டாது.

ஏன் ஒட்டாது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கேன், மே, ஷல் ஆகியவற்றின் மூல வடிவங்கள் மிகப் பழங்காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்து, பிறகு நிகழ்காலப் பொருளுக்கு வந்தவை. இறந்தகால வினையில் ‘எஸ்’ சேர்வதில்லை அல்லவா, அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. மஸ்ட் இன்னும் ஒரு படி மேலே. அது இன்னொரு பழைய வினையின் இறந்தகால வடிவம்தான். அதனால் அதற்கென்று தனியாக இறந்தகாலம் இல்லை. “நேற்று நான் போக வேண்டியிருந்தது” என்பதை ‘எஸ்டர்டே ஐ மஸ்ட் கோ’ என்று சொல்ல முடியாது, ‘எஸ்டர்டே ஐ ஹேட் டு கோ’ என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, இனி இரண்டாவது வகை. தமிழில் ஒரே வடிவம் இரண்டு மூன்று வேலைகளைச் செய்கிறது. எந்த வேலை என்பது நமக்குக் குரலிலும் சூழலிலும் புரிந்துவிடும். ஆங்கிலம் அந்த ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சொல் கேட்கிறது. ஆகவே ஆங்கில அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட, நம் தமிழ் வாக்கியம் எந்த வேலையைச் செய்கிறது என்று முதலில் கவனிப்பதே பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

“அவர் நேற்றே பணம் கட்டியிருக்க வேண்டும்.” இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கணக்கில் நிலுவை எதுவும் காட்டவில்லை, எனவே கட்டியிருப்பார் என்று நாம் ஊகிக்கலாம். அல்லது, நேற்று கடைசித் தேதி, இன்னும் கட்டவில்லை என்று குறை சொல்லலாம். இரண்டுக்கும் தமிழில் இதே சொற்கள்தான். ஆங்கிலத்தில் முதலாவது ‘ஹீ மஸ்ட் ஹேவ் பெய்ட் எஸ்டர்டே’, இரண்டாவது ‘ஹீ ஷுட் ஹேவ் பெய்ட் எஸ்டர்டே’. முதல் வாக்கியப்படி பணம் வந்துவிட்டது, இரண்டாவதின்படி வரவில்லை. ஒரு வாடிக்கையாளரைப் பற்றி மேலதிகாரிக்கு மெயில் எழுதும்போது இதை மாற்றிப் போட்டால், பணம் கட்டாதவர் கட்டியவராகிவிடுவார். “அவர் கட்டியிருக்கவே முடியாது, அன்று பேங்க் லீவ்” என்று உறுதியாக ஊகிக்கும் இடத்தில் ‘ஹீ கான்ட் ஹேவ் பெய்ட்’ என்று வரும்.

‘முடிந்தது’ என்பதும் இப்படித்தான். “நேற்று டிக்கெட் எடுக்க முடிந்தது” என்பதை ‘ஐ குட் கெட் டிக்கெட்ஸ் எஸ்டர்டே’ என்று எழுதுகிறோம். ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து முடித்ததைச் சொல்ல குட் பொருந்தாது. ‘ஐ வாஸ் ஏபிள் டு கெட் டிக்கெட்ஸ்’ என்றோ ‘ஐ மேனேஜ்டு டு கெட் டிக்கெட்ஸ்’ என்றோ சொல்ல வேண்டும். குட் பழைய திறமைக்கு உரியது: ‘ஐ குட் ஸ்விம் வென் ஐ வாஸ் ஃபைவ்’. ஆனால் ‘முடியவில்லை’ என்று வரும்போது இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். ‘ஐ குடன்ட் கெட் டிக்கெட்ஸ்’ முழுக்கச் சரி. பார்ப்பது, கேட்பது போன்ற வினைகளுக்கும் விலக்கு உண்டு, ‘ஐ குட் ஹியர் த ட்ரெய்ன்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

‘லாம்’ விகுதிக்கு வருவோம். “நாளைக்கு மழை வரலாம்” என்பது ‘இட் கேன் ரெயின் டுமாரோ’ ஆகாது. ஒரு குறிப்பிட்ட நாளில் நடக்கக்கூடியதற்கு மே, மைட், குட் என்ற மூன்றில் ஒன்று வர வேண்டும். பொதுவாக அப்படி நடப்பதுண்டு என்று சொல்லும்போது கேன் சரி: ‘இட் கேன் பி வெரி கோல்ட் இன் ஊட்டி’.

அலுவலக மெயில்களில் என்னை மிகவும் உறுத்துவது வுட். ‘த மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மண்டே’ என்று அறிவிப்பு வரும். வில் போட்டால் முரட்டுத்தனம், வுட் போட்டால் மரியாதை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ‘வுட் யூ ப்ளீஸ் வெயிட்?’ என்று கேட்கும்போதும், ‘ஐ வுட் லைக்’ என்று விருப்பம் சொல்லும்போதும் அது மரியாதைதான். முடிவாகிவிட்ட கூட்டத்துக்கு அது மரியாதை சேர்ப்பதில்லை, சந்தேகத்தைத்தான் சேர்க்கும். ‘நடந்திருக்கும், ஆனால்...’ என்று ஏதோ ஒரு நிபந்தனையைப் படிப்பவர் தேடத் தொடங்குவார். ‘வில் பி ஹெல்ட்’ என்று எழுதினால் போதும்.

‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று தொடங்குவதும் பரவலான தவறு. இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. “தெரிந்திருந்தால் வந்திருப்பேன்” என்பதில் இரண்டு பாதிக்கும் இரண்டு வேறு வடிவங்கள். ‘தெரிந்திருந்தால்’ என்பதற்கு ‘இஃப் ஐ ஹேட் நோன்’, ‘வந்திருப்பேன்’ என்பதற்கு ‘ஐ வுட் ஹேவ் கம்’. வுட் இரண்டாவது பாதிக்கு மட்டும்தான். அதேபோல “மழை வந்தால்” என்பது ‘இஃப் இட் ரெயின்ஸ்’, அதில் வில் சேர்க்கக் கூடாது.

மோடல்களின் பக்கத்து வீட்டுக்காரர் ‘யூஸ்டு டு’. “தினமும் காலையில் சுகர் மாத்திரை சாப்பிடுவேன்” என்பதை ‘ஐ யூஸ்டு டு டேக் சுகர் டேப்லெட்ஸ் எவ்ரி மார்னிங்’ என்று வெளிநாட்டில் ஒரு டாக்டரிடம் சொன்னால், முன்பு சாப்பிட்டார், இப்போது நிறுத்திவிட்டார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அதன்மேல் அவர் எழுதும் சீட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றும் தொடரும் பழக்கத்துக்கு வெறும் ‘ஐ டேக்’ போதும்.

சட்ட மொழியில் ஷல் எதிர்காலத்தைச் சொல்வதாகப் படிப்பது இன்னொரு தவறு. வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் ‘த டெனன்ட் ஷல் பே’ என்று இருந்தால் அது கடமை. இந்திய அரசியலமைப்பின் 52-வது பிரிவு ‘தேர் ஷல் பி எ பிரசிடென்ட் ஆஃப் இந்தியா’ என்கிறது, குடியரசுத் தலைவர் இருந்தே ஆக வேண்டும் என்று பொருள். 3-வது பிரிவில் வருவது மே: பாராளுமன்றம் சட்டம் இயற்றிப் புதிய மாநிலத்தை உருவாக்கலாம், மாநிலத்தின் பெயரை மாற்றலாம். இது அதிகாரம், கட்டாயம் அல்ல. அந்த அதிகாரத்தின்படி 1968-ல் இயற்றிய சட்டத்தால்தான் 1969 ஜனவரி 14 முதல் மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதுபவர்களும் இதில் குழப்பம் வரக்கூடாது என்று 1997-ல் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தை வெளியிட்டார்கள். அதில் மஸ்ட் கட்டாயம், மஸ்ட் நாட் முழுத் தடை, மே அவரவர் விருப்பம். ஷுட் என்பதற்கு, தகுந்த காரணம் இருந்தால் விலகலாம் என்று பொருள்.

கடைசியாகப் பணிவு. “நீங்கள் லீவ் கொடுக்க வேண்டும்” என்று தமிழில் கேட்டால் அது வேண்டுகோள். அதையே ‘யூ ஷுட் கிவ் மீ லீவ்’ என்றால், கொடுப்பது உங்கள் கடமை என்று மேலதிகாரிக்குப் பாடம் எடுப்பதாகிவிடும். ‘குட் யூ ப்ளீஸ் கிவ் மீ லீவ் ஆன் ஃப்ரைடே?’ என்று கேளுங்கள். ‘யூ ஹேட் பெட்டர் ஸீ எ டாக்டர்’ என்பதையும் நல்ல அறிவுரை என்று நினைத்துப் பெரியவர்களிடம் சொல்கிறோம். செய்யாவிட்டால் விளைவு மோசமாக இருக்கும் என்ற எச்சரிக்கை அதற்குள் இருக்கிறது. அவர்களிடம் ‘ஐ திங்க் யூ ஷுட் ஸீ எ டாக்டர்’ என்று சொன்னால் போதும்.