பிப் கடிதத்தில் மதிப்பெண் குறைந்தால்: பிரிட்டனுக்கு வரும் நெல்லைக்காரர்களுக்கு

வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ போன மாதம் வந்து இறங்கியவருக்கு ‘பிப்’ என்கிற பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட், அதாவது நீண்டகால நோயோ ஊனமோ உள்ளவர்களுக்கு பிரிட்டன் அரசு தரும் உதவித்தொகை, கிடைக்காது. அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற நிபந்தனை விசாவிலேயே இருக்கும். அது இருக்கும்வரை விண்ணப்பித்தால் விசாவுக்கே வினையாகிவிடும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பல வருடம் பாளையங்கோட்டையில் இருந்துவிட்டுத் திரும்புகிறவரும் பொதுவாகக் கடந்த 156 வாரங்களில் 104 வாரம் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும்.

பிறகு இது உங்களுக்கு எதற்கு? நீங்கள் தங்கியிருக்கும் வீட்டு மதினிக்கோ, பக்கத்துத் தெரு அண்ணாச்சிக்கோ ஒரு நாள் மதிப்பெண் போட்ட பிப் முடிவுக் கடிதம் வரும். “நீ படிச்ச பிள்ளை, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு” என்று உங்களிடம்தான் நீட்டுவார்கள். வீடே பதறிப்போய் இருக்கும். நீங்களும் சேர்ந்து பதறாமல் இருப்பதற்குத்தான் இது.

பிப்பில் அன்றாட வாழ்க்கைக்கு ஒரு பகுதி, நடமாட்டத்துக்கு ஒரு பகுதி. நடமாட்டத்தில் 8 மதிப்பெண் வந்தால் சாதாரண நிலை, 12 வந்தால் உயர்நிலை. 2025-26 கணக்கில் சாதாரண நிலைக்கு வாரம் 29.20 பவுண்டு, உயர்நிலைக்கு வாரம் 77.05 பவுண்டு என்று இருந்தது. பண வித்தியாசத்தைவிட வீட்டை உலுக்குவது கார். பிப் பணத்தைக் கொடுத்துக் கார் வாடகைக்கு எடுக்கும் மோட்டபிலிட்டி திட்டத்தில் சேர உயர்நிலை வேண்டும். மறுஆய்வில் 12 என்பது 10 ஆகிவிட்டால், எதிர்த்து எழுதிக்கொண்டிருக்கும்போதே சில வாரங்களில் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஜெயித்தால் விட்டுப்போன பணம் சேர்த்து வரும். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் ஆஸ்பத்திரிக்குப் போக என்ன வழி என்பதை அன்றைக்கே யோசியுங்கள்.

சரி, எதிர்ப்பதா வேண்டாமா? கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். கைத்தடி, காலிப்பர் எதுவும் இல்லாமல் 20 மீட்டருக்கு மேல், ஆனால் 50-ஐத் தாண்டாமல் நடந்தால் 8. அதே தூரத்தைக் கருவியோடு நடந்தால் 10. 20 மீட்டருக்குள் நின்றுவிட்டால் 12. 50-லிருந்து 200 வரை முடியும் என்றால் 4 மட்டுமே. 20 மீட்டர் எவ்வளவு என்று வயதானவர்களிடம் கேட்டால் மலைப்பார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு பெட்டியின் நீளம் அதைவிடச் சற்று அதிகம். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஒரு பெட்டியைத் தாண்டுவதற்குள் உட்கார இடம் தேடுவாரா என்று கேளுங்கள், உடனே பதில் வரும்.

அந்தத் தூரத்தை ஒரே ஒரு முறை கடந்து காட்டுவது மட்டும் கணக்கில்லை. பாதுகாப்பாக, ஒழுங்காக, தேவைப்படும்போதெல்லாம் திரும்பவும், மற்றவர் எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகாமல் நடக்க முடிய வேண்டும். அதுவும் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலை எப்படி என்றுதான் பார்ப்பார்கள். நம்மவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். மதிப்பீட்டுக்குப் போன் செய்தவர் “எப்படி இருக்கீங்க” என்றால் “நல்லா இருக்கேன்” என்பார்கள். கடைக்கு எப்படிப் போவீர்கள் என்றால் “மெதுவா சமாளிச்சுக்கிடுவேன்” என்பார்கள். போய் வந்தபின் இரண்டு நாள் படுத்தே கிடந்ததைச் சொல்லவே மாட்டார்கள். அறிக்கையில் ‘கடைக்குத் தனியாகச் செல்கிறார்’ என்று ஏறிவிடும். ஆகவே எதிர்ப்பதா என்று முடிவெடுக்கும் முன், பிப் அலுவலகத்துக்குப் போன் செய்து மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். செலவில்லை. எந்த வரி உண்மைக்கு மாறானது என்று கோடு போட்டால் உங்கள் வழக்கு பாதி தயார்.

சில சமயம் எதிர்ப்பது வீண். 8 கொடுத்தார்கள், 10 கொடுத்திருக்க வேண்டும் என்று சண்டை போட்டால் அதனால் மட்டும் ஒரு பென்ஸ்கூட ஏறாது, இரண்டுமே சாதாரண நிலைதான். அதற்குமுன் நடமாட்டப் பகுதியில் உள்ள இன்னொரு கேள்வியையும் பாருங்கள்: வழியைத் திட்டமிட்டுப் பயணம் செய்வது. பதற்றத்தால் யாராவது தூண்டினால்தான் வெளியே கிளம்புவார் என்றால் அதில் 4 உண்டு. நடப்பதில் கிடைத்த 8-உடன் அது சேர்ந்தால் 12. ஆனால் ஆங்கிலம் தெரியாமல் வழி கேட்கத் தடுமாறுவது இந்தக் கணக்கில் வராது. அதேபோல் முடிவு தேதிக்குப் பிறகு மூட்டு மோசமானால் அதை நிலைமை மாற்றம் என்று தனியாகத் தெரிவிக்க வேண்டும். பிப் அலுவலகம் முடிவெடுத்த நாளில் இருந்த நிலைமையை மட்டுமே தீர்ப்பாயம் பார்க்கும்.

இருப்பதும் போய்விடுமோ என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. எதிர்த்தால் முழுத் தீர்மானத்தையும் திறந்து பார்க்கலாம், குறைக்கவும் செய்யலாம். தீர்ப்பாயம் பொதுவாக முன்கூட்டியே எச்சரிக்கும். மற்ற மதிப்பெண்கள் ஆட்டம் காணக்கூடியவை என்று தோன்றினால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாகக் கேட்டுவிட்டு எழுதுங்கள். “கவர்மெண்டோட எதுக்கு வம்பு, பாஸ்போர்ட்டுக்குப் பிரச்சினை வரும்” என்று சொல்கிற சொந்தக்காரர் பேச்சை மட்டும் காதில் வாங்க வேண்டாம். உரிமையோடு வாங்குகிறவர் மேல்முறையீடு செய்தால் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது.

முதல் படி ‘மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன்’, அதாவது முடிவை மறுபடி பார்க்கும்படி பிப் அலுவலகத்தையே கேட்பது. கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதம். தகுந்த காரணம் இருந்தால் 13 மாதம் வரை தாமதத்தை ஏற்கலாம். அங்கே பெரும்பாலும் பழைய பதிலே வரும், சோர்ந்துவிடாதீர்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. நீதிபதி, மருத்துவர், ஊனம் குறித்த அனுபவமுள்ள ஒருவர் என மூன்று பேர் உட்காருவார்கள். விசாரணைவரை போன பிப் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பித்தவர் பக்கமே முடிந்து வந்திருக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். ஈழத்துத் தமிழராக இருக்க வாய்ப்பு அதிகம், நம் நெல்லை வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பேசுங்கள்! ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு பிப்புக்குப் பதில் அடல்ட் டிசபிலிட்டி பேமெண்ட், மறுநிர்ணயம் கேட்க 42 நாள்.

ஊரிலிருந்து சூட்கேஸில் கொண்டுவரும் ஆதாரங்களைப் பற்றி: இந்திய மாற்றுத்திறனாளி சான்றிதழில் உள்ள சதவீதத்துக்கு இங்கே மதிப்பெண் இல்லை. ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரேயும் என்ன நோய் என்பதைச் சொல்லுமே தவிர, எத்தனை மீட்டர் நடப்பார் என்பதைச் சொல்லாது. இங்குள்ள பிசியோதெரபிஸ்டின் ஒரு பக்கக் கடிதம், இரண்டு வாரத்துக்கு எழுதிய நாட்குறிப்பு, கூடவே வந்து தாங்கிப்பிடிக்கும் மகளின் வாக்குமூலம் ஆகியவை அதைவிடக் கனம்.

ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்குப் போனால் 13 வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள், தாண்டினால் பிப் நின்றுவிடும். வைத்தியத்துக்காகவே போனதென்றால் 26 வாரம். கிளம்பும் முன் நம்பகமான ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, அரசுக் கடிதம் வந்தால் பிரித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் லெஸ்டர் வீட்டுக் கதவடியில் கிடந்தாலும் அந்த ஒரு மாதம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.