மரபணுவை நீக்கியும் புட்ரெசின் எங்கிருந்து வருகிறது?

பாலத்தின் மேலிருந்து பார்த்தால் பாலாறு வெறும் மணல். அடியில் ஊற்று இருப்பதை வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பாக்டீரியாவின் பாலிஅமீன் (புட்ரெசின், ஸ்பெர்மிடின் போல செல்லுக்குள் இருக்கும் சிறு நைட்ரஜன் சேர்மங்கள்) மரபணுக்களில் ஆய்வு செய்யும் நம்மூர் முதுகலை மாணவர்கள், சோதனைக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஊற்றை மறந்துவிடுகிறார்கள். “ஸ்பெ-சி மரபணுவை நீக்கினேன், ஈ.கோலை பாக்டீரியா வளர்கிறது, எனவே புட்ரெசின் தேவையில்லை” என்ற வரியை எத்தனை அறிக்கைகளில் கோடிட்டு நீக்கியிருப்பேன்!

ஸ்பெ-சி தரும் நொதி ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நேரடியாகப் புட்ரெசினைச் செய்கிறது. அதை அடைத்தாலும் இன்னொரு வழி உண்டு. ஸ்பெ-ஏ என்ற மரபணுவின் நொதி வழியாக, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அக்மட்டின் என்ற இடைப்பொருளாகும். ஸ்பெ-பியின் நொதி அதிலிருந்து யூரியாவைக் கழற்றிப் புட்ரெசினைத் தரும்.

இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். ஸ்பெ-பி மட்டும் பழுதான ரகம், அமினோ அமிலம் எதுவும் சேர்க்காத எம்9 வளர்ப்பு ஊடகத்தில் குறையில்லாமல் வளரும். சத்தாக இருக்கட்டும் என்று ஆர்ஜினினைச் சேர்த்தால் தளர்ந்துவிடும். ஊட்டிவிட்டுப் பட்டினி போட்ட கதை! ஆர்ஜினின் வெளியிலிருந்து கிடைத்ததும் செல் அதைத் தானே செய்வதை நிறுத்துகிறது. அந்தப் பாதையின் இடைப்பொருளான ஆர்னிதினும் வற்றுகிறது. வந்த ஆர்ஜினினோ அக்மட்டினோடு முட்டி நிற்கிறது. அமினோ அமிலக் கலவையைக் கலக்கும்முன் அதில் ஆர்ஜினின் உண்டா என்று பாருங்கள்.

ஈஸ்ட் சாறு கலந்த எல்.பி. ஊடகத்தில் இந்தச் சோதனையே வேண்டாம். ஈஸ்ட் சாற்றில் பாலிஅமீன்கள் இருக்கின்றன. செல் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். எம்9-க்கு மாற்றிய அன்றே அளப்பதும் வீண். செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் பாலிஅமீன் ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதியாகத்தான் குறையும். ஆயிரத்தில் ஒரு பங்காகப் பத்துத் தலைமுறை வேண்டும். புட்ரெசினிலிருந்து தொடரும் வரிசையில் ஈ.கோலை ஸ்பெர்மிடினோடு நின்றுவிடும், அடுத்ததான ஸ்பெர்மினைச் செய்வதில்லை. பாலிஅமீன்களைப் பிரித்து அளந்த வரைபடத்தில் ஸ்பெர்மின் முகடு தெரிந்தால் கண்டுபிடிப்பு என்று துள்ளாமல் ஊடகத்தைச் சந்தேகியுங்கள்.

எல்லா ஊற்றையும் அடைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 2009-இல் பாலிஅமீன் ஆய்வாளர்களான டேபர் தம்பதியர் இருந்த அமெரிக்கக் குழு எட்டு மரபணுக்களை நீக்கியது. லைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து புட்ரெசினை ஒத்த கடாவெரினைச் செய்யும் இரண்டும் அதில் அடக்கம். அந்த ரகம் காற்றில் மெதுவாகவேனும் வளர்ந்துகொண்டே இருந்தது. ஆக்சிஜனே இல்லாத நிலையில் பாலிஅமீன் தராமல் வளரவில்லை. எனவே “தேவையில்லை” என்று எழுதுமுன், குலுக்கும் குடுவையோடு காற்றில்லாக் குடுவை ஒன்றையும் வையுங்கள்.