ஒரு நாட்டின் கடன் தாங்குமா? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

நாட்டின் கடன் இத்தனை லட்சம் கோடி என்று செய்தி வந்தால் மலைப்பாக இருக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஜிடிபியோடு, அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்போடு, ஒப்பிடும் விகிதமும் பாதிதான் சொல்லும். ஜப்பான் அரசின் கடன் ஜிடிபியில் 200 சதவீதத்துக்கும் மேல். இன்றும் தவணை தவறாமல் கட்டுகிறது. இலங்கை ஏறக்குறைய அதில் பாதி விகிதத்தில் இருந்தபோதே, 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது.

தேவையானவை மூன்று: பட்ஜெட் சுருக்கத் தாள், மத்திய வங்கியின் அந்நியச் செலாவணி அறிக்கை, ஒரு கால்குலேட்டர்.

முதலில் வட்டிச் சுமை. வட்டிச் செலவை வருவாய் வரவால் (கடன் சேராத, வரி போன்ற வரவு) வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இந்தியாவின் 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் வட்டி 12.76 லட்சம் கோடி ரூபாய், வருவாய் வரவு 34.20 லட்சம் கோடி. விடை 37 சதவீதம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மொத்தச் செலவான 50.65 லட்சம் கோடியால் வகுத்தால் 25 சதவீதம்தான் வரும். அந்தச் செலவில் ஒரு பகுதி கடன் வாங்கிச் செய்வது, அதனால் சுமை குறைவாகத் தெரிகிறது. பட்ஜெட்டோடு வரும் வட்டப்படத்தில் இன்னும் குறைந்து ரூபாய்க்கு 20 காசு என்று இருக்கும், மாநிலங்களுக்குப் போகும் வரிப் பங்கையும் சேர்த்துப் போட்ட படம் அது. இலங்கையில் வட்டிக்கும் வருவாய்க்குமான விகிதம் 2020-லேயே 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டியதும், அடுத்து வந்த கொரோனாவும் வருவாயைச் சாய்த்தன. கடன் ஏறுவது எல்லோர் கண்ணிலும் படும். வகுக்கும் எண்ணான வருவாய் சுருங்குவதை யாரும் பார்ப்பதில்லை, ஆபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

அடுத்து, கடன் எந்த நாணயத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானின் கடன் யென்னில், பெரும்பகுதி உள்நாட்டாரிடம். டாலர் கடன் அப்படியல்ல. 100 டாலர் கடன், டாலர் 200 ரூபாயாக இருக்கும்போது 20,000 ரூபாய். டாலர் 360 ஆனால் 36,000 ரூபாய். புதிதாக ஒரு காசு வாங்காமலேயே 80 சதவீதம் கூடிவிட்டது. 2022-ல் இலங்கை ரூபாய்க்கு நடந்தது கிட்டத்தட்ட இதே அளவு வீழ்ச்சி.

மூன்றாவது, அந்நியச் செலாவணிக் கையிருப்பு. அடுத்த 12 மாதங்களில் கட்ட வேண்டிய வெளிநாட்டுத் தவணைகளைக் கூட்டி, கையிருப்போடு ஒப்பிடுங்கள். கையிருப்பு அதைவிடக் குறைவாக இருந்தால் எச்சரிக்கை. ஆனால் அறிக்கையில் உள்ள எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். 2021 இறுதியில் இலங்கை காட்டிய கையிருப்பு சுமார் 310 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 150 கோடி சீன மத்திய வங்கியுடனான நாணய மாற்று ஏற்பாட்டின் யுவான், நினைத்தபோது எடுத்துச் செலவழிக்க முடியாத பணம். 2022-ல் கட்ட வேண்டியிருந்ததோ சுமார் 700 கோடி. இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் எரிவாயு வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்கும். சாதாரணக் குடும்பங்கள் தலையில் விழும் கணக்கு இது, நிபுணர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. ரிசர்வ் வங்கி கையிருப்பை வாரந்தோறும் வெளியிடுகிறது.

பிறகு வட்டி விகிதத்தையும் பொருளாதார வளர்ச்சியையும் பக்கத்தில் வையுங்கள். ஜிடிபி 100, கடன் 100, வட்டி 5 சதவீதம் என்று கொள்வோம். வட்டியைக் கடன் வாங்கியே கட்டினால் கடன் 105 ஆகும். விலைவாசி உயர்வையும் சேர்த்த வளர்ச்சி 7 என்றால் விகிதம் 98-க்கு இறங்கும், 3 என்றால் 102-க்கு ஏறும். வட்டி போக மற்றச் செலவுக்கும் கடன் வாங்கினால் இன்னும் மோசம்.

அமெரிக்காவைக் கணிக்கும்போது முதிர்வு தேதிகளையும் பாருங்கள். 2020-ல் 1 சதவீதத்துக்கும் குறைந்த வட்டியில் விற்ற 5 ஆண்டுக் கடன் பத்திரங்கள் 2025-ல் முதிர்ந்தபோது, அவற்றைச் சுமார் 4 சதவீதத்தில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2024 நிதியாண்டில் அந்நாட்டின் நிகர வட்டிச் செலவு பாதுகாப்புச் செலவை மிஞ்சியது. அங்கே வட்டி ஏறினால் டாலரில் கடன் வாங்கும் மற்ற நாடுகளுக்கும் ஏறும், அதனால் உங்கள் நாட்டுக் கணக்கை அப்போது மறுபடி போட வேண்டும்.

கடைசியாக, அரசு நிறுவனங்களின் கடனுக்கு அரசு தந்த உத்தரவாதங்களைத் தேடிப் பாருங்கள். பட்ஜெட்டின் முதல் பக்கத்தில் அவை இருக்காது, இணைப்புகளில் இருக்கும். மின்வாரியமோ எண்ணெய்க் கழகமோ கட்ட முடியாமல் போனால் அந்தக் கடன் அரசின் தலையில் விழும், அதன் வட்டியும் முதல் கணக்கில் சேர்ந்துவிடும்.